கிணற்றுக்குக் கட்டிய நுளம்பு வலை

எங்கள் கிணற்றுக்கு, கொசுவுக்காகக் கட்டிலில் கட்டுகிற நுளம்பு வலையைக் கட்டியிருந்த வருடம் எனக்கு எட்டு வயது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு நேரில் வந்து பார்க்கும் வசதி இருந்தது. சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, தண்ணீர் விடாய் என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு கிணற்றடிக்கு வருவார்கள். வெள்ளை வலையைப் பார்ப்பார்கள். குடித்த தண்ணீர் மூக்கால் வந்துவிடாமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் கிணற்றைத் தொட்டிலில் போட்டு வளர்க்கிறோம் என்று அயலூரான உடுவில் வரைக்கும் கதை போயிருந்தது.

கட்டியவர் மாமா, அம்மாவின் தமையன். மலாயாவில் ஒரு ரயில் நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு முந்திய வருடந்தான் ஊர் திரும்பியிருந்தார். மாமியும் அவரும் எங்கள் வளவிலேயே தென்புற வீட்டில் குடியிருந்தார்கள். ஐயாவுக்குக் கொழும்பில் வேலை என்பதால், வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வந்து சேர்ந்தது அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். வந்து சேர்ந்த ஆண்பிள்ளை முதல் வேலையாகக் கிணற்றோடு சண்டைக்குப் போனார் என்பது வேறு விஷயம்.

மூன்று பேராக வந்திருக்க வேண்டியவர்கள் இரண்டு பேராக வந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை. எனக்கு மச்சாள் முறை. என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று சொல்வார்கள், நான் கண்டதில்லை. அங்கே நெருப்புக்காய்ச்சலில், டைபாய்டு என்கிறார்களே அதில், மூன்று கிழமை கிடந்து இறந்துபோனாள். அந்தச் செய்தி கடிதமாகக் கப்பலேறி எங்களிடம் வந்தபோது முப்பத்தொரு நாளும் கடந்துவிட்டது. சாவு விழுந்த குடும்பம் அந்த நாள்களில் கோயிலுக்கும் நல்ல காரியத்துக்கும் ஆகாது. அதைத் துடக்கு என்போம். நாள் கடந்து கேள்விப்பட்டால் ஒரு முழுக்கோடு துடக்குப் போய்விடும் என்பது முறை. அம்மா கடிதத்தை மடித்து வைத்தார், கிணற்றடிக்குப் போய் முழுகினார், ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு வந்து உலை வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மச்சாளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மலாயாவில் மருத்துவம் பார்த்த டாக்குத்தர், இந்தக் காய்ச்சல் தண்ணீரால் வருவது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். நெருப்புக்காய்ச்சல் தண்ணீரால் எப்படி வரும் என்று நான் பல நாள் யோசித்தேன். மாமாவும் யோசித்திருக்கிறார். கிணற்றுக்குள் தானாக எதுவும் முளைக்காது. ஆகவே அது காற்றில்தான் வரவேண்டும், தூசியிலும் பஞ்சிலும் ஏறிவந்து தண்ணீரில் இறங்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் தாமாகவே வந்து சேர்ந்தார். டாக்குத்தர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கத்தான் சொன்னாராம். மாமாவும் மாமியும் அப்படித்தான் குடித்தார்கள். ஆனால் நான் குடிப்பது அம்மாவின் கையால். நல்ல தண்ணீரை அவித்தால் அதன் உயிர் போய்விடும் என்று அம்மா மறுத்துவிட்டார். பானையை வெல்ல முடியாத மாமா கிணற்றைப் பிடித்துக்கொண்டார்.

அது நாலு வீட்டுக்குப் பங்கான கிணறு. எங்கள் குறிச்சியில் மற்றக் கிணறுகளெல்லாம் உவர். வைரவர் கோயில் பொங்கலுக்குக்கூட எங்கள் ஏற்றத் துலாவில் அள்ளிய தண்ணீர்தான் போகும். கிணற்றுக்கு மேலே ஒரு இலவமரம் கை நீட்டிக்கொண்டு நின்றது. சித்திரையிலும் வைகாசியிலும் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அது ஓயும் நேரத்தில் சோளகக்காற்று எழும்பும். செம்பாட்டுத் தோட்டங்களின் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கிணற்றில் தூவும். விடியற்காலையில் பார்த்தால் தண்ணீர்மேல் மெல்லிய சிவப்பாக ஓர் ஆடை படிந்திருக்கும். வாளியால் இரண்டுதரம் அலம்பி அதை விலக்கிவிட்டு அள்ளுவோம். பிறந்த நாள் தொட்டு அதைத்தான் குடித்தோம். செத்தவர்கள் ஒருவரும் கிணற்றைக் குறை சொல்லிச் சாகவில்லை.

மாமா முதலில் ஓலைத் தட்டி பின்னிக் கிணற்றை மூடினார். பத்து நாளில் தண்ணீர் ஓலை மணம் மணத்தது. இரண்டு தவளைகள் உள்ளே சௌகரியமாகக் குடியேறின. பங்குக்காரரில் மூத்தவரான வடக்கு வீட்டுப் பெரியையா வந்து, கிணறு என்றால் சூரிய சந்திரரைப் பார்க்க வேண்டும், இருட்டறையில் பூட்டி வைக்க அது என்ன குமர்ப்பிள்ளையா என்று கேட்டார். தட்டி அடுப்புக்குப் போயிற்று. அன்று முழுவதும் மாமா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட்டுப் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டார். அது அவர் வழக்கம். ஒரு நாளைக்கு நாலைந்து தரமாவது தொடுவார். தலைமயிரை ஒதுக்கிவிடுவதுபோல் ஒரு பாசாங்கு செய்வார். கூச்சத்தால் நான் நெளிவேன்.

இரண்டு நாள் கழித்து மாமி தம் றங்குப்பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு வெள்ளை நுளம்பு வலையை எடுத்தார். அப்படிப்பட்ட வலையை எங்கள் ஊர் கண்டதில்லை. கையில் எடுத்தால் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியாது. வெளிச்சமும் போகும், காற்றும் போகும், பஞ்சு மட்டும் போகாது என்று மாமா ஊதிக் காட்டினார். மலாயாவில் மிஞ்சிய புது வலை, சும்மா கிடக்கிறது என்று பங்குக்காரருக்குச் சொன்னார். மாமி நாலு நாளாக அதன் மூட்டுகளைப் பிரித்து, மீண்டும் பொருத்தி, கிணற்றின் வாயளவுக்கு ஒரு வட்டமாகத் தைத்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்க மட்டும் நான் தேவைப்பட்டேன். கமுகஞ் சலாகையால் சட்டம் கட்டி, வாளி இறங்க நடுவில் ஒரு வாசல் வைத்து, அந்த வாசலுக்கு ஒரு சுளகை மூடியாக்கி, மாமா தம் வேலையை முடித்தார்.

ஊர் சிரித்ததை நான் சொன்னேன். சிரித்தவர்கள் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அந்தக் கிணற்றைப்போல் அழகான ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மத்தியானத்தில், எல்லாரும் கண்ணயரும் நேரத்தில், நான் கிணற்றுக்கட்டில் வயிறு படியக் கிடந்து வலைக்குள்ளால் பார்ப்பேன். வலையின்மேல் பஞ்சு இறங்கும். இறங்கிய பஞ்சு கொஞ்சம் யோசித்து, மறுபடி எழும்பி, வேறு இடத்தில் போய் உட்காரும். வேப்பம்பூ வந்து விழும். கீழே தண்ணீரில் வலையின் நிழல் விழுந்து, சின்னச் சின்னக் கட்டங்களாக ஆடும். அந்தக் கட்டங்களுக்கு நடுவில் ஒரு முகம் தெரியும். அது என் முகந்தான். ஆனால் வலைக்குள்ளால் பார்த்தால் கொஞ்சம் வெளிறி, கொஞ்சம் மூத்து, வேறு யாரோ ஒரு பிள்ளை படுத்திருந்து மேலே பார்ப்பதுபோல் இருக்கும். நான் அவளோடு கதைப்பேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கு அடி விழுந்தது என்பதெல்லாம் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டு கிடப்பாள்.

பகலிலும் கனாக் காண்கிறவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. காலையில் வலையில் படிந்த தூசியையும் பஞ்சையும் மெல்லத் தட்டிக் கூட்டுவது என் பொறுப்பு. கூட்ட வந்த பிள்ளை கூட்டாமல் நிற்கிறது என்று தினமும் அம்மாவிடம் முறைப்பாடு போகும்.

அம்மாவும் அந்தக் கிணற்றைக் காத்தவர்தான், ஆனால் வேறு விதமாக. செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் முழுகாமல் கிணற்றுக்கட்டைத் தொடக்கூடாது. துடக்குக்காரர் வீட்டுச் செம்பு கிணற்றடிக்கு வரக்கூடாது. வந்துவிட்டால் அம்மா மஞ்சள்தண்ணீர் தெளித்து, தேய்த்துக் கழுவி, நாலு வீட்டுக்கும் கேட்கும்படி ஒரு பேச்சும் பேசி முடிப்பார். துடக்கில் ஒரு சந்தேகம் வந்தால் பெரியையாகூட அம்மாவைத்தான் கேட்பார். ‘கிணறு சுத்தமாய் இருக்கவேணும்’ என்று மாமாவும் சொல்வார், அம்மாவும் சொல்வார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்கிறபடியால் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் வலையைத் தட்டும்போது, இலவமரத்துப் பக்கமாக, விளிம்புக்குக் கிட்ட, சுண்டுவிரல் நகமளவு ஒரு நீலத் துண்டு ஒட்டுப்போட்டிருப்பதைக் கண்டேன். புது வலைக்கு ஏன் ஒட்டு என்று மாமியைக் கேட்டேன். மாமி துலாக்கொடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, பக்கத்தில் நின்ற பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்.

“உது உன்ரை மச்சாளின்ரை வலை. காய்ச்சலிலை கிடக்கேக்கை, உள்ளுக்கிருந்து என்ரை கையைப் பிடிக்கவெண்டு விரலை விட்டு உதிலை ஓட்டையாக்கிப் போட்டா.”

நான் அந்த நீலத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். மாமி வாளியை இறக்கினார். வாளி தண்ணீரைத் தொட்டு நிறைந்தது.

“அவளை உது காக்கேல்லை,” என்றார் மாமி. “உன்னையாவது காக்கட்டும்.”

ஒருவருக்கும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தம் பிள்ளையை எட்டு வயதில் வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு வருடங்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். கிணற்றுக்குள் படுத்திருந்து நான் சொல்வதையெல்லாம் கேட்கிறவள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவளுடைய படுக்கை இது. அவளுடைய வலை இது. ஊரிலே வேறு யாருக்கு இப்படி ஒரு மச்சாள் உண்டு?

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வைரவருக்குப் பொங்கல். பெரியையா முழுகி, ஈரவேட்டியோடு புதுக்குடம் கொண்டு வந்தார். சோளகம் வீசிக்கொண்டிருந்தது, வேலியெல்லாம் சிவந்து கிடந்தது. நாலு வீட்டாரும் கிணற்றடியில் நின்றார்கள். மாமா தாமே சுளகை எடுத்து, துலாவை இறக்கி, வாளியைத் தூக்கினார். தண்ணீர் பளிங்குமாதிரி இருந்தது. பெரியையா உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். ஒரு தூசி இல்லை. இத்தனை நாளும் சிரித்த மனிதர் அன்றைக்கு, நல்ல வேலை செய்திருக்கிறாய் என்று மாமாவை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஊருக்கு வந்த நாள் தொடக்கம் மாமாவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. வலை நல்ல வலை, இன்னும் ஒன்று எடுப்பிக்கலாமா, என்ன விலை என்று பெரியையா விசாரித்தார்.

மாமா பதில் சொல்லுமுன் நான் சொன்னேன்.

“உது கடையிலை வாங்கின வலை இல்லைப் பெரியையா. உது மச்சாளின்ரை. மச்சாள் காய்ச்சலிலை கிடந்தது உதுக்குள்ளைதான்.”

எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. காற்றுக்கூட நின்றதென்று சொல்ல மாட்டேன். காற்று அதன் பாட்டுக்கு வீசிக்கொண்டுதான் இருந்தது. மனிதர்கள்தான் நின்றுபோனார்கள். சாவுக்கட்டிலில் கிடந்த துணியையும் பாயையும் வளவுக்குள்ளேயே வைத்திருக்க மாட்டார்கள், எங்கள் பக்கத்தில். அதைக் குடிதண்ணீர்க் கிணற்றின்மேல் கட்டி, அந்தத் தண்ணீரில் வைரவருக்குப் பொங்குவதென்றால்! பெரியையா கையிலிருந்த தண்ணீரை நிலத்தில் விட்டார். குடத்தையும் இறக்கி வைத்தார். மாமி துலாக்காலைப் பிடித்துக்கொண்டார். மாமா வாளியைப் பிடித்தபடியே நின்றார். வாளி சாய்ந்து தண்ணீர் அவர் காலில் வழிந்தது. காற்றில் வந்த ஒரு கெடுதியும் விழாமல் அவர் காத்த கிணற்றில், அவர் மகள் விழுந்துவிட்டாள்.

மெய்யானால் வலையை எடுத்து எரிக்க வேண்டும், கிணற்றைக் கலக்கி இறைக்க வேண்டும், ஐயரை அழைத்துப் புண்ணியதானம் செய்ய வேண்டும் என்று யாரோ பின்னால் மெல்லச் சொன்னார்கள். பெரியையா அம்மாவின் பக்கம் திரும்பினார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மாவுக்கும் இது அன்றுதான் தெரியும். முகத்தைப் பார்த்தாலே விளங்கிற்று. அம்மா வலையைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து என் தலையில் கையை வைத்தார்; அந்தக் கை கனமாக இருந்தது.

“உவள் பகல்லையும் கனாக் காணுறவள், பெரியையா,” என்றார். “உது புது வலை. அண்ணை ஊருக்கு வந்த அண்டைக்கு நான்தான் பெட்டி திறந்தனான்.”

பெட்டியை அம்மா திறக்கவில்லை. மாமியைத் தவிர அந்தப் பெட்டியை ஒருவரும் திறந்ததில்லை. அம்மா நேரே போய், மாமாவின் கையிலிருந்த வாளியைச் சரித்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். தொண்டை ஏறி இறங்க, கை வெறுமையாகும்வரை குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு எனக்கும் ஏந்திக் கொடுத்தார். நான் குடித்தேன். மாமா நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியையா குனிந்து குடத்தை எடுத்தார். “ஓம், குழந்தையள் எண்டால் கனாக் காணுங்கள்தானே,” என்று சொல்லிக் குடத்தை நீட்டினார். நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா என்பது அவருக்கும் வைரவருக்கும் இடையிலான விஷயம். பொங்கல் குறைவில்லாமல் பொங்கியது. மூன்று பக்கமும் வழிந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

எனக்கு அந்தப் பொங்கல் இறங்கவில்லை. பொய் சொன்னதற்காக அம்மா ஒருமுறை என் கையில் பூவரசம்தடியால் போட்டிருக்கிறார். அந்த அம்மா நாலு வீட்டார் முன்னிலையில் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, உண்மை சொன்ன என்னைக் கனாக்காரியாக்கிவிட்டார். பின்னேரம் முழுவதும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்து அழுதேன். மாமா தேடி வந்து, வழக்கம்போல் புறங்கையால் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் குந்தினார். அம்மா பொய் சொல்லிவிட்டார் என்று நான் முறையிட்டேன். மாமா கொஞ்ச நேரம் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“கொம்மா சொன்னதுதான் சரி, பிள்ளை,” என்றார்.

பெரியவர்கள் எல்லாரும் ஒரு கட்சி என்று நான் முடிவு கட்டினேன். அன்றைக்கு மாமா அங்கிருந்து எழும்பிப் போக வெகுநேரம் ஆயிற்று. அவர் கண்ணில் தூசி விழுந்திருக்கிறது என்று நினைத்தேன், அவ்வளவு காற்று.

மறுநாட் காலை வலையைத் தட்டப் போனபோது அம்மாவும் மாமியும் கிணற்றடியில் நின்றார்கள். இருவரும் தண்ணீர் அள்ள வந்தவர்கள். வாளி கீழே சும்மா இருந்தது. அம்மாவின் விரல் அந்த நீலத் துண்டின்மேல் இருந்தது. அம்மா என்னைக் காணவில்லை.

“பிள்ளை எவ்வளவு உயரம்?” என்று கேட்டார். அப்படி அம்மா கேட்ட குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

மாமி சுற்றிப் பார்த்து என்னைக் கண்டார். இஞ்சை வா என்று கூப்பிட்டு அம்மாவுக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார். நான் அம்மாவோடு கோபம் என்றாலும் போய் நின்றேன். மாமி கையை நீட்டி என் தலைக்குமேல் பிடித்தார். தலையில் படவில்லை, ஒரு நாலு விரல் உயரத்தில், வெறுங்காற்றில் கை நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே, என் தலைக்கு மேலே இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம் கையையும் கொண்டுவந்து மாமியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதல்நாள் நடந்ததற்கு ஈடாக எனக்குப் புதுச் சட்டை தைக்கப் போகிறார்கள். வளருகிற பிள்ளை என்று நாலு விரல் கூட்டி அளக்கிறார்கள். ஆடாமல் அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நல்ல நேராக நின்று கொடுத்தேன். தீபாவளிக்குச் சட்டை வந்தது. போட்டுப் பார்த்தேன்; என் அளவுக்குக் கணக்காக இருந்தது. நாலு விரல் கூட்டி அளந்தீர்களே, அது எங்கே என்று அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.